அக்காவை நாயோடு சேர்த்து வெட்டியதால் போன பயணம்: மலாக்கா, காஜா பெராங்

மலாக்காவுக்கு எல்லாரும் கோட்டை பார்க்கப் போவார்கள். நான் ஒரு நாயின் படத்தைத் தேடிப் போனேன். போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் கிளம்பலாமா என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். அப்பாவின் திவசத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம், காஜா பெராங்கில் கம்போங் செட்டியை ஒட்டி ஓர் அறையில் குடியிருந்தபோது எடுத்தது. அப்பா நாற்காலியில் இருந்தார். தரையில் என் அக்கா பார்வதி, ஆறு வயது. இரண்டு பேருக்கும் நடுவில் பக்கத்து வீட்டு நாய். நான் அப்போது பிறக்கவேயில்லை. அப்பா தவறியதும் படத்தைப் பூசை அறையில் மாட்ட வேண்டி வந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை போடக்கூடாது. நாயைப் பூசை அறைக்குள் விடக்கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கத்தரிக்கோல் போதுமாக இருந்தது.

பைரவருக்கு நாய்தானே வாகனம் என்று கேட்பீர்கள். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்டிய துண்டு எங்கே என்றும் கேட்பீர்கள். ஆடிய அலமாரிக் காலுக்கு மடித்து முட்டுக் கொடுத்தேன். வீடு மாறியபோது அலமாரியோடு போய்விட்டது.

அக்கா இதை விடவில்லை. "நாயோட சேத்து என்னையும் வெட்டிட்டா" என்று கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து சொல்லுவாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவள் சிரிக்கமாட்டாள். அவள் ஆற்றாமை வேறு. "அப்பா கை என் தலைமேல இருந்துச்சு. அந்தக் கையையே வெட்டிட்டியேடி." முப்பது வருடமாகத் திவசத்துக்கு வந்தாலும் பூசை அறை வாசலோடு நின்றுகொள்வாள். போன வருடம் அதுவும் இல்லை. சாப்பாட்டை அடுக்குப் பாத்திரத்தில் கொடுத்தனுப்பினேன். இந்த வருடம் இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை. கட்டிலில் படுத்துக்கொண்டு, இனி உன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எழுபத்து நான்கு வயதில் சொல்கிற 'இனி'யை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

படம் எடுத்தவர் இன்னொரு பிரதியை நாய்க்காரர் வீட்டில் கொடுத்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதை நம்பித்தான் போனேன்.

சிரம்பானில் காலை 8.30 பேருந்து, டிக்கெட் ஒன்பது வெள்ளி (ரிங்கிட்). 9.50க்கு மலாக்கா சென்ட்ரல். அங்கிருந்து காஜா பெராங் மூன்று கிலோமீட்டர். வாடகைக் கார் ஏழு வெள்ளி. ஓட்டுநர் பக்கத்துப் புக்கிட் காதில் ஊர்க்காரர், தமிழர். படத்தில் இருக்கும் ஒரு நாயைத் தேடி வந்திருக்கிறேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"எந்த வருசத்து நாய் ஆன்ட்டி?"

"மெர்டேக்கா வருசம்."

"அப்ப கடிக்காது லா. தைரியமா போங்க."

கம்போங் செட்டி சின்ன இடம், பல நூறு வருடத்துக்கு முன் வந்து குடியேறிய மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு. சந்துக்குச் சந்து குடும்பக் கோயில்கள். வாசலில் மாவிலை காய்ந்து தொங்குகிறது. அங்கே பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் வராது. பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு அவர்களுடைய மலாய். நமக்கும் மலாய் தெரியுமே, சமாளித்துவிடலாம். முதல் வீட்டில் கேட்டேன்: மெர்டேக்கா காலத்தில் இங்கே ஒரு நாய் இருந்ததா? எல்லா வீட்டிலும்தான் இருந்தது என்றார்கள். அடையாளம் சொன்னேன். உடம்பு கறுப்பு, கழுத்தில் மட்டும் டை கட்டிய மாதிரி வெள்ளை. அதனால் அப்பா அதைத் துரை என்றுதான் கூப்பிடுவாராம். இரண்டாவது வீட்டுக்காரர் யோசிக்காமல் கையைக் காட்டினார். அது சரஸ் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

சரஸ் அக்காவுக்கு எழுபதை ஒட்டிய வயது, சாரோங் கட்டியிருந்தார். யார், எவர் என்று விசாரிக்கும் முன்பே, சாப்பிட்டாயா என்று அவருடைய மலாயில் கேட்டார். அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். அவருடைய சித்தப்பாவிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்ததாம். கொடி கட்டிய வாசல், பொங்கல் பானை, கெபாயா மேற்சட்டை போட்ட பெண்கள் வரிசை, புது மிதிவண்டியோடு ஒருவர். எதைத் திருப்பினாலும் மூலையில் துரை. அசையாதே என்று சொல்லிவிட்டார்கள் போல. மனிதர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்கிறார்கள். துரைக்கு மட்டும் வால் மூன்றாகத் தெரிகிறது. ஆல்பம் முழுக்க வாழ்ந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

பிறகு சுவரைக் காட்டினார். சட்டத்துக்குள் துரை. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆறு வயதில் என் அக்கா, பல்லெல்லாம் தெரிய. அப்பா இல்லை.

"மத்த பாதி எங்க?" என்றேன்.

தன் அம்மாவுக்கு நாய் மட்டும்தான் வேண்டியிருந்தது. நாற்காலியில் இருந்தவர் யாரோ, அதனால் வெட்டிவிட்டார் என்றார் சரஸ் அக்கா, ஒரு தயக்கமும் இல்லாமல். "அந்தப் பிள்ளையையும் எடுத்திருப்பாங்க. அது நாய இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு, கத்தரி போக எடம் இல்ல."

எனக்குக் கோபம் வரப் பார்த்தது. எந்த முகத்தோடு கோபப்படுவது?

அப்போதுதான் பார்த்தேன். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. கோடு போட்ட முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு, ஐந்து விரல். அவர்கள் வீட்டில் இந்தப் படத்துக்குப் பெயரே 'தாங்கான் சியாப்பா', அதாவது யார் கை. வருகிற விருந்தாளிகள் எல்லாம் கேட்டுக் கேட்டு அந்தப் பெயர் நின்றுவிட்டதாம்.

பையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த அப்பாவை எடுத்தேன். மாலையை வீட்டிலேயே கழற்றிவிட்டேன். மன்னிச்சுக்கோங்க அப்பா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அந்தச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். சட்டைக்கோடு சட்டைக்கோட்டோடு போய்ச் சேர்ந்தது. சரஸ் அக்கா அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "இவரா" என்றார். பல வருடமாக வீட்டுக்குள் இருந்த ஒருவருக்கு முகம் கிடைத்த மாதிரி.

வெட்டிய அன்று கவனிக்காததை நான் இப்போதுதான் கவனித்தேன். கை அக்காவின் தலையில் இல்லை. நாயின் தலையில் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை, துரையின் காது அப்பாவின் சுண்டுவிரலில் மடங்கியிருந்தது.

சட்டத்தை என்னிடம் கொடுக்க சரஸ் அக்காவுக்கு மனசில்லை. தானே மடியில் வைத்துக்கொண்டு கூட வந்தார். பத்து நிமிடத் தூரத்தில் ஒரு படக்கடை. இரண்டு பாதியையும் கணினியில் சேர்த்து, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மொத்தம் முப்பத்தாறு வெள்ளி. நான் திரும்பத் திரும்பத் திரையையே பார்ப்பதைக் கண்டு கடைக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"கைய பிள்ள தலைக்கு மாத்திடவா ஆன்ட்டி? அஞ்சு நிமிசம்தான். யாருக்கும் தெரியாது."

பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், வாய் வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. முருகா என்றேன். ஒரு முறை கத்தரி எடுத்ததே போதும் என்று தோன்றியது. வேண்டாம் தம்பி, இருக்கிறபடியே போடுங்க என்று சொல்லிவிட்டேன்.

இதுபோல் பழைய படம் தேடிப் போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன், காலையிலேயே போங்கள். கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். நான் கொண்டுபோன முறுக்குதான் பாதி வேலையைச் செய்தது. ஆல்பத்தை இரவல் கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். ஓரத்தில் நிற்கிற நாய், கோழி, மிதிவண்டி, யாரோ ஒருவருடைய கை எல்லாவற்றையும் சேர்த்தே எடுங்கள். எது யாருக்கு வேண்டியது என்று நமக்குத் தெரியாது. திரும்ப 3.30 பேருந்து நல்லது. அடுத்ததில் அலுவலகக் கூட்டம்.

ஐந்து மணிக்கு மேல் அக்கா வீட்டுக்கே நேராகப் போனேன். அவள் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடித்தாள். தன்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனியன், குறுக்க வந்து உக்காந்துருக்கு பாரு" என்றாள் கடைசியில். "அப்பா என் தலைக்குத்தான் கைய கொண்டாந்தாரு."

"ஆமாக்கா" என்றேன்.

"என் தலைக்கு எட்ட அவரு கை அவ்ளோ நீளம் இல்ல."

"இல்லதான்."

படத்தை மேசையில் நிறுத்தி வைத்தாள். விழுந்துவிடாமல் பின்னால் சர்க்கரை டப்பாவை முட்டுக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "திவசத்துக்கு உளுந்து நான் வந்து ஊறப் போடுறேன். போன வருசம் நீ அனுப்புன வடை கல்லு மாதிரி இருந்துச்சு."