இஞ்சினுக்கு மேலே பாட்டுப் பெட்டி

கேட்டைச் சாத்திக்கொண்டு ஒரு வேலை

"அண்ணே, பைய எடுத்துக்கினு வூட்டாண்ட வாங்க. பின்பக்கமா வாங்க. யாராச்சும் கேட்டா மோட்டார் பம்பு பாக்க வந்தேன்னு சொல்லுங்க."

போனில் இப்படிப் பேசியவர் கொளஞ்சி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் வீடு. சொந்தமாக ஒரு மினி டிரக் ஓட்டுகிறார். பெட்ரோலிலும் ஓடும், சி.என்.ஜி.யிலும் ஓடும். நான் ஒர்க் ஷாப்பில் வருஷக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்து, முட்டி தேய்ந்த பிறகு வெளியே வந்தவன். இப்போது வீட்டுக்கே போய் வேலை பார்க்கிறேன். தங்களுக்கு வந்த நோயை வெளியில் சொல்லாதீர்கள் என்று டாக்டரிடம் கெஞ்சுபவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். வண்டிக்கு வந்த நோயை மறைக்கச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. கொளஞ்சியின் தங்கச்சி செல்வியை வெள்ளிமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் புருஷன் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். செல்வியின் மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் கொளஞ்சி சீர்த்தட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு இதே வண்டியில் கிளம்பினார். மலை ரோட்டில் பாதி வளைவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பால் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் தாண்டி, பிள்ளையைச் சித்தப்பன் மடியில் உட்கார வைத்துக் காதைக் குத்தி முடித்திருந்தார்கள். செல்வி அழுதாளாம். இப்போது இரண்டாவது பிள்ளைக்கு, விடிந்தால் காதுகுத்து. "இந்தத் தபா மாமனக் கொண்டார பால் வண்டிய நானே பேசி வெச்சிடட்டா?" என்று மச்சான் போனில் கேட்டிருக்கிறார்.

"பஸ்ஸுல போனா அவன் சொன்னது நெஜம்னு ஆயிடும்ணே," என்றார் கொளஞ்சி. "ஒர்க் ஷாப்புல வண்டிய உட்டா, அங்க நிக்கிற மலைக்காரன் எவனாச்சும் பாத்துட்டு மேல போயி சொல்லிடுவான். அதான் வூட்லயே பாக்கலாம்னு."

முதலில் பாட்டை நிறுத்து

சாவியைத் திருப்பினார். இஞ்சின் பேசுவதற்கு முன்னால் பாட்டு பேசியது. தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது.

"கொளஞ்சி, பாட்ட நிறுத்துப்பா."

"அது சாவியோட ஜாயிண்டுண்ணே. வண்டி ஓடுனா பாட்டு ஓடும்."

நான் ஃபியூஸைப் பிடுங்கினேன். பாட்டு அடங்கியதும் இஞ்சின் நொண்டுவது காதில் விழுந்தது. ஒரு சிலிண்டர் வேலையே செய்யவில்லை. தொழிலில் இதை மிஸ்ஃபயர் என்போம். ஸ்டீயரிங் கைக்கு உதறல் கொடுத்தது.

"எத்தினி நாளா இப்பிடி?"

"தெரிலயேண்ணே. இன்னிக்கித்தான் கேக்குறேன்," என்றார். பொய் சொல்லவில்லை. அவர் தன் இஞ்சின் சத்தத்தைக் கேட்டது அன்றைக்குத்தான்.

சிலிண்டருக்குள் பொறி கொடுக்கிற பிளக்தான் என்று எனக்குத் தோன்றியது. இந்த மாதிரி வண்டியில் இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி, கவரின் கிளிப்பை விட்டு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலை உருவினால் கீழே ஆழமான குழியில் பிளக். கை நுழைவது கொஞ்சம் சிரமம், நீள எக்ஸ்டென்ஷன் ராடு வேண்டும், அவ்வளவுதான். கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

கொளஞ்சியின் வண்டியில் சீட்டைத் தூக்க முடியவில்லை. டிரைவர் உட்கார இடம் விட்டு, சீட்டின் மீதிப் பாதிக்கும் இஞ்சின் கவருக்கும் மேலே பிளைவுட் அடித்து, சிவப்புக் கார்ப்பெட் ஒட்டி, என் இடுப்பு அகலத்துக்கு ஒரு பாட்டுப் பெட்டியை போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். பெட்டியின் தலையில் சாமி படம். வயர் போவதற்காக இஞ்சின் கவரிலேயே கை நுழைகிற ஓட்டை. கம்பெனிக்காரன் பிளக்கை ஒளித்துத்தான் வைத்தான். கொளஞ்சி அதை நல்லடக்கமே செய்துவிட்டார்.

"பொட்டியக் கழட்டணும்," என்றேன்.

"அண்ணே, பொட்டியத் தொடாதீங்க!" கதவின் குறுக்கே கையை வைத்துவிட்டார். "பாட்டு கேட்டாத்தான் கொளஞ்சி வண்டி வர்துன்னு சனம் சரக்க எடுத்துக்கினு ரோட்டுக்கு வரும். சாமி படம் வேற கீது. வேற வழியா பிளக்க எடுக்க முடியாதா?"

வேற வழி

வேற வழி என்ற சொல் காதில் பட்டதுமே எதிர்வீட்டு ஏழுமலை கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். கரும்பு வெட்டு மேஸ்திரி. பத்துப் பேரை வேலை வாங்கிப் பழகியவர். எங்கே யார் குனிந்தாலும் பக்கத்தில் நின்று உத்தரவு போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கையில் போன்.

"இத்த பாருங்க. அமெரிக்காக்காரன் டிரக்கு. இவனுக்கும் பிளக் எட்டல. இன்னா பண்றான் பாருங்க, முன்சக்கரத்தக் கழட்டிட்டு அந்தச் சந்து வழியா கைய உட்டு எடுக்கறான்."

பார்த்தேன். அவன் வண்டி யானை மாதிரி இருந்தது. இஞ்சின் மூக்கில் இருந்தது, சக்கரத்தைக் கழற்றினால் பக்கவாட்டில் பிளக் தெரிந்தது. நம் வண்டியின் இஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன்.

"டிரக்குன்னா டிரக்குதான?" என்றார் ஏழுமலை.

பெட்டியைக் கழற்றாமல் தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் கொளஞ்சி ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் அடுப்படிச் சுவர் நிழலில் உட்கார்ந்து டீயைக் குடித்தேன். சொல்லிப் புரியாத இடத்தில் டீ குடிப்பது என் வழக்கம். சக்கரம் கழன்றது. உள்ளே சேறு இருந்தது. பிளக் இல்லை.

"அந்தப் பக்கத்துச் சக்கரம்," என்று ஏழுமலை உத்தரவிட்டார்.

அந்தப் பக்கமும் கழன்றது. அங்கேயும் சேறுதான். வண்டி முன்னங்கால் இரண்டும் இல்லாமல் கருங்கல் மேல் நின்றது. கொளஞ்சியின் சம்சாரம் அஞ்சலை வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துப் பார்த்தார்.

"மலை ஏறுமான்னுதான் இவ்ளோ நாளா கேட்டுக்கினு இருந்தேன். இப்ப வாசப்படியே தாண்டாது போலக்குது."

கொளஞ்சி சாமி படத்தைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அஞ்சலையிடம் கொடுத்தார். பிறகு அவரே ஸ்பேனரை எடுத்துப் பெட்டியின் முதல் போல்ட்டைப் பிடித்தார்.

குழிக்குள் கோயில்

பெட்டி இறங்கியது. பிளைவுட்டும் கார்ப்பெட்டும் போயின. இஞ்சின் கவரைத் தூக்கினேன். இத்தனை வருஷத்தில் இஞ்சின் மேல் எண்ணெய் பார்த்திருக்கிறேன், எலிக்கூடு பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கவருக்கு அடியில் காய்ந்த மல்லிப்பூ, குங்குமம், கருகிப்போன எலுமிச்சம்பழத் தோல். இஞ்சின் தலையெல்லாம் மஞ்சள் ஏடு படிந்திருந்தது. மூன்றாவது பிளக்கின் காயிலை உருவினேன். குழிக்குள் மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றது.

"இன்னாப்பா இது?"

கொளஞ்சி தலையைச் சொறிந்தார். "மொத காதுகுத்துக்கு முன்னாடிலேர்ந்தே இழுவை கம்மியா இருந்திச்சுண்ணே. எவன் கண்ணோ பட்டுடிச்சுன்னு, வெள்ளிக்கெழமன்னா சாமி படத்துக்கு சூடம் காட்டிட்டு மஞ்சத்தண்ணி தெளிப்பேன்."

"தெளிச்சியா, ஊத்துனியா?"

"தெளிக்கிறதாவது? சொம்போட கவுப்பாரு," என்றார் அஞ்சலை.

ஊற்றிய தண்ணீர் வயர் ஓட்டை வழியாக நேராகக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. பிளக்குக்குப் போகிற கரண்ட் தண்ணீரில் ஓடிவிட்டது. இழுவை குறைந்தது. இழுவை குறைந்ததும் திருஷ்டி ஜாஸ்தி என்று இன்னும் ஒரு சொம்பு. இன்னும் ஒரு சொம்புக்கு இன்னும் கொஞ்சம் இழுவை போனது. நொண்டுகிற சத்தம் கேட்காமல் பாட்டு பார்த்துக்கொண்டது. போன தடவை மலை வளைவில் வண்டி ஏன் நின்றது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொளஞ்சியின் முகமே சொன்னது.

சைக்கிள் பம்பால் காற்றடித்து, துணியைக் கம்பியில் சுற்றிக் குழியைத் துடைத்தேன். இதைச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் தண்ணீரும் அழுக்கும் சிலிண்டருக்குள் போய்விடும். மற்ற மூன்று பிளக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்துவிட்டன. இது மட்டும் அசையவில்லை. துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது.

இங்கேதான் கவனம் வேண்டும். இஞ்சின் தலை, அதாவது ஹெட், அலுமினியம். முரட்டுத்தனமாகத் திருகினால் பிளக்கோடு அதன் திருகு மரையும் பிய்ந்து வரும், இல்லையென்றால் பிளக் பாதியில் முறிந்து உள்ளே தங்கும். இரண்டில் எது நடந்தாலும் ஹெட்டையே இறக்க வேண்டும். காதுகுத்து அவ்வளவுதான்.

துரு இளக்குகிற ஸ்பிரேயை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஏழுமலை தன் வீட்டுக்குப் போய் ஒரு நீளமான இரும்புக் குழாயோடு வந்தார். "இத்த ஸ்பேனர்ல மாட்டி ஒரே எத்து எத்துனா வந்துடும்."

"ஏழுமலை, அத்த கொண்டுபோயி கரும்புக் காட்டுல வைங்க," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் குழாயைக் கீழே வைத்தார், போகவில்லை.

இழுத்தேன். அசையவில்லை. திரும்ப ஸ்பிரே. கொளஞ்சி வாசலில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, மச்சான் இன்னா வேணா பேசட்டும், அத்த நான் தள்ளிடுவேன். போன தபா நான் போயி நின்னப்ப செல்வி ஒரு வார்த்த பேசலண்ணே. கண்ணத் தொடச்சிக்கினு சோறு போட்டா. அந்தச் சோறு இன்னும் எனக்கு எறங்கல."

நான் கழற்றுகிற பக்கம் ஒரு அழுத்தம், இறுக்குகிற பக்கம் ஒரு அழுத்தமாக, எண்ணெய் விட்டு விட்டு ஆட்டினேன். கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது. முறிந்ததா, வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த இழுப்பில் சுற்று இளகியது. முழுசாக வெளியே வந்தது, பீங்கான் வெடித்து, கழுத்து வரை துருவோடு.

புதுப் பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபை மாட்டிக் குழிக்குள் இறக்கி, விரலால் சுற்றினேன். ஸ்பேனரோடு இறக்கினால் மரை கோணலாகப் பிடிப்பது கைக்குத் தெரியாது. ரப்பர் டியூப் என்றால் கோணலானதும் வழுக்கிவிடும். நாலும் உட்கார்ந்தன. சாவியைத் திருப்பினேன். இஞ்சின் ஒரே சீராக ஓடியது. ஏழுமலை எல்லோரையும் பார்த்து, "நான் சொன்ன மாதிரியே ஆச்சா?" என்றார்.

வயர் ஓட்டையைத் தகடு வைத்துத்தான் அடைக்க வேண்டும். அப்போதைக்கு டேப் ஒட்டினேன். பாட்டுப் பெட்டியைத் திரும்ப ஏற்ற நான் கை கொடுக்கவில்லை. கொளஞ்சியும் கேட்கவில்லை.

மலை

"நீங்க பக்கத்துல குந்துனாத்தான் வண்டி எடுப்பேன்," என்று காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அஞ்சலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். "எதுக்கும் ஒருத்தராச்சும் போயி சேரணும்ல?" என்றாராம்.

கோமுகி அணை தாண்டி மலை தொடங்கியதும், இழுவை கூடக் கிடைக்கட்டும் என்று பெட்ரோலுக்கு மாற்றச் சொன்னேன். பாட்டு இல்லாத கேபினில் இஞ்சின் சத்தம் மட்டும். நின்றுபோன அந்த வளைவு வந்தபோது கொளஞ்சி சீட்டு நுனிக்கு வந்துவிட்டார். செகண்ட் கியரில் வண்டி திரும்பி, ஏறி, மேலே போய்விட்டது. கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, இது நம்ம வண்டிதான?" என்றார்.

வெள்ளிமலையில் மச்சான் வாசலுக்குப் பக்கத்தில் பால் வண்டி ஒன்று நிஜமாகவே தயாராக நின்றது. "பாட்டுச் சத்தமே கேக்கல. சரி, நீ கீழ நின்னுக்கினு இருக்கன்னு ஆள அனுப்பப் போனேன்," என்றார் மச்சான். அவர் முகத்தில் ஏமாற்றம் கொஞ்சம் தெரிந்தது.

செல்வி ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். அண்ணனுக்குச் சுற்றினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "எங்கண்ணன் வண்டிக்கு எந்தக் கண்ணும் படக்கூடாது!" என்று சொல்லிக்கொண்டே திறந்திருந்த டிரைவர் கதவுப் பக்கம் திரும்பி, தட்டில் இருந்த மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரைச் சீட்டை நோக்கி வீசத் தட்டை ஓங்கினாள். இஞ்சின் சூட்டில் நான் ஒட்டிய டேப் சுருண்டு கிடந்தது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சி பாய்ந்து கதவை மறித்து நின்றுவிட்டார். அத்தனையும் அவருடைய புது வெள்ளைச் சட்டையில் விழுந்தது. வேட்டி வரை சிவப்பு.

கூட்டம் உருகிவிட்டது. "தங்கச்சி கையால எடுத்த ஆரத்திய மார்ல வாங்கிக்கினான் பாரு!" என்றார் ஒரு பெரியவர். "மாமன்னா இவன்தான்டா மாமன்," என்று மச்சானே தோளைத் தட்டினார். அது பிளக் குழி மேல் வந்த பாசம் என்று எனக்கும் கொளஞ்சிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆனால் அந்தச் சிவப்புச் சட்டையோடு மணையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டபோது கொளஞ்சி அழுதார். பிள்ளை அழுவதற்கு முன்னாலேயே அழுதார். அது பிளக்குக்காக இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எட்டாத பிளக்கை எடுக்க எந்த டூல் வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னால், அதை எட்டாமல் செய்தது எது என்று பாருங்கள். வண்டிக்காரரிடம் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் சாமியை ஒன்றும் சொல்லாதீர்கள். தண்ணீர் போகிற ஓட்டையை மட்டும் அடையுங்கள்.

தகடு வைத்து அந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் கொளஞ்சி போன் செய்கிறார்.

"அண்ணே, சொம்பு கையில கீது. எங்க ஊத்தட்டும்?"

"டயர்ல ஊத்துப்பா."