கோட்டைச் சுவரை உடைத்த தேவகி

போன ஞாயிறு. மதியக் காட்சி. நாவலூர்ப் பக்கம் ஒரு மாலுக்குள் இருக்கும் தியேட்டர்.

அரங்கில் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள். காலி — ஒன்பது. மீதி இருநூற்று மூன்று பேரில் நூற்று எண்பத்தெட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பதினைந்து பேர் சிரிக்கவில்லை. அந்தப் பதினைந்தில் நானும் ஒருவன்.

என்னை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எண்ணாமல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன். வேலைதான் ஓய்ந்தது. பழக்கம் ஓயவில்லை.

படத்தின் பெயர் வேண்டாம். என்னால் ஒரு டிக்கெட்கூட அதற்குக் கூடுதலாக விற்கக் கூடாது. கதை இதுதான்: பல்லவர் காலத்துக் கிராமத்து ஜனங்கள் மாமல்லபுரத்துப் பாறைகளுக்கு நடுவே ஒரு குகைக்குள் நுழைகிறார்கள். மறுபக்கம் வெளியே வந்தால்... ஓ.எம்.ஆர்.! கண்ணாடிக் கட்டடம், டிராஃபிக், ஹாரன். ஃபேன்டஸி. நல்ல கற்பனைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? எஸ்கலேட்டரைக் கும்பிடுகிறார்கள். லிஃப்ட் கதவு மூடினால் அலறுகிறார்கள். டிராஃபிக் சிக்னலுக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்கிறார்கள் — ஏழு தடவை. ஒரே பாறையில் அத்தனை யானைகளைச் செதுக்கிய ஊர்க்காரனுக்கு, ஏழாவது தடவையும் அது கதவு என்று தெரியாதா?

சரி, சினிமா. அதைக்கூட விட்டுவிடுவேன். என்னால் விட முடியாதது வேறொரு காட்சி. குகைக்குள் கால் வைப்பதற்கு முன்னால், இவர்களுடைய ஊரிலேயே நடப்பது. எதிர்காலத்திலிருந்து ஒரு டிரோன் பறந்து வருகிறது. அதைப் பார்த்த ஜனங்கள் மிரண்டுபோய், புத்தி கெட்டு, தங்கள் கோட்டைச் சுவரைத் தாங்களே அடித்து உடைக்கிறார்கள். முன்னால் நிற்கும் ஒரு பெண் தலைவிரி கோலமாக, முகமெல்லாம் கரியோடு, “ஐயோ பேய்! பேய்!” என்று கத்துகிறாள். பின்னணியில் குரங்குச் சத்தம்.

அப்போதுதான் அந்த நூற்று எண்பத்தெட்டுப் பேர் சிரித்தார்கள்.

அந்தப் பெண் எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

பெயர் தேவகி. ஒரு கல்லூரி மெஸ்ஸில் வேலை. கணவர் ஏழுமலை, கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் ஆறு வருடமாக அவருடைய சவாரி. இருவருக்கும் ஊர், திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், உள்ளே தள்ளி ஒரு கிராமம். தங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டு பேரைப் படம் பார்க்கக் கூட்டி வந்திருந்தார் தேவகி. “எங்க சீன் வருது சார், நீங்களும் வாங்க” என்று என்னையும் இழுத்து வந்தார். எட்டு மாதமாக அவர் காத்திருந்த காட்சி அது.

ஏன் காத்திருந்தார்? அதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

போன ஐப்பசி. அந்தக் கிராமத்து ஏரியில் ஷூட்டிங். பழங்கால ஜனங்களாக நடிக்க ஊர்க்காரர்களையே பிடித்துவிட்டார்கள். சாக்குத் துணி கட்டி, சிக்குப் பிடித்த விக் வைத்து, முகத்தில் கரி பூசினார்கள். பழங்காலத்தில் யாரும் குளிக்கவே இல்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது? ஏரிக்கரையில் நின்றுகொண்டு!

ஏழுமலை வேடிக்கை பார்க்க என்னையும் அழைத்துப் போயிருந்தார். போனதும் நான் முதலில் பார்த்தது அந்தக் கோட்டைச் சுவரை.

சுவரைக் கலங்கலின் மேல் கட்டியிருந்தார்கள்.

கலங்கல் என்பது, ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிந்தோடுவதற்காகக் கரையில் விட்டிருக்கும் தாழ்வான கல்கட்டு. அந்த ஊர்க் கலங்கலின் மேல் வரிசையாக இருபத்திரண்டு கற்கள் நட்டிருக்கின்றன. மழை ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் அந்தக் கற்களின் இடைவெளியை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள், கடைசித் தண்ணீரை ஒரு முழம் கூடுதலாகப் பிடித்துவைக்க. மழைக்காலத்தில் அங்கே ஒரு புல் சிக்கினால்கூட எடுத்துப்போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் இது தெரியும்.

சினிமாக்காரர்களுக்கு என்ன தெரிந்தது? “வாவ், என்ன ஒரு ஏன்ஷியன்ட் லுக்!” — அவ்வளவுதான் தெரிந்தது. பழைய கல் வரிசையைப் பார்த்தார்கள். ஏதோ அரண்மனை இடிபாடு என்று நினைத்துக்கொண்டார்கள். சவுக்குக் கழி நட்டு, பிளைவுட் அடித்து, அதன்மேல் ஃபைபர் கோட்டை. சாயம் நனையாமலிருக்க ஏரிப் பக்கம் முழுக்க பிளாஸ்டிக் ஷீட். அடியில் மணல் மூட்டைகள் — நாற்பத்தாறு. இதைவிடக் கச்சிதமாக ஒரு ஏரியின் வாயைப் பொத்த முடியுமா?

ஊர்க்காரர்கள் சொல்லாமலில்லை. ஏழுமலையே சொல்லியிருக்கிறார்.

“தம்பி, இது கலங்கல். ஐப்பசில அடைக்கக் கூடாது.”

“ரெண்டே நாள்ணா. மழைக்கு முன்னாடி பிரிச்சிடுவோம்” என்றானாம் உதவி இயக்குநர்.

“மழை உன்னாண்ட தேதி கேட்டுக்கினா வரும்?”

நான் போனது நான்காவது நாள். சுவர் அப்படியே நின்றது. விடியற்காலையிலிருந்து மழை. மழையிலேயே ஷாட் எடுத்தால் எஃபெக்ட் நன்றாக இருக்குமாம். நான் குடை பிடித்துக்கொண்டு படித்துறைப் பக்கம் நின்றேன். என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கவே வேண்டாம்.

“இன்னா சார், தண்ணிய பாத்து எண்ணிக்கினு கீறீங்க?” — முகமெல்லாம் கரியோடு தேவகி.

“படிம்மா. நான் வரும்போது ஒன்பது படி தெரிஞ்சுது. பத்தரைக்கு ஏழு. இப்ப மணி பதினொண்ணு. அஞ்சுதான் தெரியுது.”

தேவகி ஏரியைப் பார்க்கவில்லை. திரும்பித் தன் தெருவைப் பார்த்தார். கரை மிகவும் தாழ்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால்தான் அந்தத் தெரு. நாற்பத்தோரு வீடுகள். முதல் வீடு அவருடையது. அன்று வீட்டுக்குள் அவருடைய மாமியார், எழுந்து நடக்க முடியாதவர், கட்டிலில் படுத்திருந்தார்.

“அய்ய... கிழவி வூட்ல கீதுய்யா!” என்று ஏழுமலையிடம் கத்திவிட்டு ஓடினார் தேவகி. கையில் நடிப்பதற்காகக் கொடுத்த கட்டை இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, செட் வேலைக்காரர்களின் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்.

“தண்ணி ஏறிக்கினே கீதுடா! கலங்கலத் தொறங்கடா! ஒடைங்கடா!”

இதுதான் அவர் கத்தியது. என் இரண்டு காதாலும் கேட்டேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

சாக்குத் துணி கட்டிய அறுபது பேரும் ஓடினார்கள். மைக்கில் உதவி இயக்குநர் அலறினான். “கட்! கட்! யாரு சொன்னா ஓடச் சொல்லி? கன்டின்யூட்டி போச்சு!”

ஏழுமலை மூட்டையை இழுத்துக்கொண்டே பதில் சொன்னார். “ஊரே போவுது... உனக்குக் கன்டின்யூட்டி பேஜாரா?”

பெரிய குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த இயக்குநர் மட்டும் பதறவில்லை. “கேமராவ நிறுத்தாதீங்க. ஓடட்டும்” என்றார். நல்ல மனுஷன், சாட்சிக்குப் படம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். எழுபத்து மூன்று வயதில் இவ்வளவு வெள்ளந்தியாக இருக்கக் கூடாது.

இருபத்தாறு நிமிடம். ஃபைபர் கிழிந்தது, பிளைவுட் விழுந்தது, மூட்டைகள் ஒவ்வொன்றாகப் புரண்டன. தண்ணீர் இருபத்திரண்டு கற்களுக்கு நடுவேயும் பீறிக்கொண்டு ஓடியது. கரையின் தாழ்ந்த இடத்தில், விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம்தான் பாக்கி. வைத்தே பார்த்தேன்.

நாற்பத்தோரு வீட்டிலும் அன்று மத்தியானம் அடுப்பு எரிந்தது.

செட்டை உடைத்ததற்குச் சண்டைக்கு வருவார்கள் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. வரவில்லை. பதிலுக்கு அந்த உதவி இயக்குநர் போன் பண்ணினான். “அக்கா, நீங்க ஓடி வந்து உடைச்ச சீன் படத்துல இருக்கு. தியேட்டரே எழுந்து கைதட்டும், பாருங்க.”

எட்டு மாதம். மெஸ்ஸில் சொன்னார், தெருவில் சொன்னார், ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் ஏழுமலை சொன்னார். ஒரு ஊரைக் காப்பாற்றிய பெண், அதை ஒரு தடவை பெரிய திரையில் பார்க்க ஆசைப்பட்டது தவறா?

இப்போது அந்தத் தியேட்டருக்கு வாருங்கள். குரங்குச் சத்தம். “பேய்! பேய்!” தேவகியின் வாய் ‘ஒடைங்கடா’ என்று அசைகிறது, யாரோ ஒரு டப்பிங் பெண்ணின் குரல் கீச்சிடுகிறது. பொருந்தவே இல்லை. யார் கவனித்தார்கள்?

ஏழுமலை எழுந்துவிட்டார். “வா, போலாம்.”

“உக்காருய்யா.”

“சிரிக்கிறானுங்க தேவகி...”

“சிரிக்கட்டும். மிச்சத்தையும் பாத்துட்டுப் போலாம். உக்காரு.”

மிச்சத்தையும் பார்த்தோம். இடைவேளைவரை அந்த ஜனங்கள் மிரள்வது முப்பத்தொரு தடவை. கீழே விழுவது பத்தொன்பது. கேள்வி கேட்பது — பூஜ்யம்! ஒரே ஒரு கேள்விகூட இல்லை. ஏரி வெட்டிப் பயிர் வைத்த ஒரு ஜனம் புது இடத்துக்கு வந்தால் முதலில் எதைக் கேட்கும்? “இங்கே தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?” என்றுதானே? கேட்டிருந்தால் நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்?

என் அடுக்ககத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேளம்பாக்கத்தில் மூன்றாவது மாடி, ஐம்பத்து நான்கு படி. எங்கள் சுற்றுச்சுவர் ஒரு பழைய வாய்க்காலை மறித்துக்கொண்டு நிற்கிறது. பழைய வரைபடத்தில் நானே பார்த்தேன். சுவரின் அடியில் மூன்றடிக்குத் திறப்பு விடுங்கள் என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒன்பது கூட்டத்தில் சொன்னேன். “சுவரோட அழகு போயிடும் அங்கிள்” என்றார் செயலாளர். போன மழையில் கீழ்த்தளத்தில் பதினோரு கார்கள் முழுகின. அழகாகத்தான் முழுகின.

பயந்து புத்தி கெட்டவர்கள் யார் என்று படம் எடுக்கிறவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். எடுத்த காட்சி அவர்கள் கையிலேயே இருந்தது. கரியைத் துடைக்க வேண்டாம், விக்கைக் கழற்ற வேண்டாம். குரலை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தால் போதும். படத்தில் அந்த ஒரு காட்சியாவது உருப்பட்டிருக்கும்.

இடைவேளை. பாப்கார்ன் வரிசையில் தேவகிக்கு முன்னால் ஆறு பேர். ஆறாவதாக நின்ற இளைஞர், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்தார்.

“அக்கா! நீங்கதானே அந்தப் பேய் சீன்? செம காமெடிக்கா! ஒரு செல்ஃபி?”

ஏழுமலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். எனக்கும் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது — படி, மூட்டை, நிமிடம், எல்லாக் கணக்கையும் அந்தப் பையன் தலையில் கொட்டிவிட. தேவகி கையால் இருவரையும் தடுத்தார். செல்ஃபிக்கு நின்றார். சிரிக்கவும் செய்தார். அப்புறம் கேட்டார்.

“தம்பி, உன் வூடு எங்க?”

“இங்கதான்க்கா. நாவலூர்.”

“மாடியா, கீழயா?”

“கிரவுண்ட் ஃப்ளோர்.”

“போன மழைல தண்ணி வந்துச்சா?”

இளைஞரின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. “ஆமாக்கா. முட்டி வரைக்கும். மூணு நாள். ஃபிரிட்ஜ், பெட்டு எல்லாம் போச்சு.”

“ஏன் வந்துச்சு?”

“தெரியல... பின்னாடி ஏதோ பெரிய காம்பவுண்ட் சுவர் கட்டியிருக்காங்க...”

தேவகி மெதுவாகத் தலையாட்டினார். “என் நம்பர எழுதிக்க. மழை வந்தா ஒரு போன் போடு. அந்தப் பேய் சீன்ல கீறவங்க அறுபது பேரும் கடப்பாரையோட வர்றோம்.”

பையன் சிரிக்கவில்லை. போனை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டார்.

சிரிக்காதவர்கள் — பதினாறு.

அந்தக் கடப்பாரைகள் வர வேண்டிய இரண்டாவது முகவரியாக நான் என்னுடையதைத் தேவகியிடம் கொடுத்துவிட்டேன். சங்கச் செயலாளருக்கு ஒரு தகவல்: பத்தாவது கூட்டத்துக்கு நான் வர மாட்டேன், தேவகி வருவார்.