அண்ணனின் பாட்டும் அளந்த தண்ணீரும்

ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னபோது, அண்ணன் சாப்பாட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. கிளினிக்கிலிருந்து வெளியே வந்து மரத்தடியில் நின்றபடி என்னிடம் கேட்டார்.

"அப்ப பாடுறது எப்படி, தங்கச்சி?"

எங்கள் இசைக்குழுவில் நான்கு பேர். அண்ணன் பாடினார். நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். லீட் கிட்டார் வாசித்தவர் காத்தான்குடிக்காரர், அண்ணனின் நெடுநாள் சிநேகிதர், பகலில் தகப்பனாரின் துணிக்கடையில் நிற்பவர். ட்ரம்ஸ் அடித்தவன் வாழைச்சேனையில் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவன். விரல் நகத்தில் எப்போதும் கிறீஸ் கறுப்பு இருக்கும். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டும் பாசிக்குடா ஹோட்டல்களில் ஆங்கிலப் பாட்டும் வாசித்தோம். எங்கள் சொந்தப் பாட்டுகள் தமிழில் ரொக். அவற்றைக் கேட்க எவரும் எங்களைக் கூப்பிடவில்லை. வேறு பாட்டுகளுக்கு நடுவில் ஒன்றிரண்டை நாங்களாகவே நுழைத்து விடுவோம்.

அண்ணன் கச்சேரியில் எழுதுவினைஞர். மாவட்டச் செயலகத்தை எங்கள் மட்டக்களப்பில் இன்னும் கச்சேரி என்றுதான் சொல்வோம். "பகலிலயும் கச்சேரி, பின்னேரமும் கச்சேரி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சின்ன வயதில் இருவரும் மெதடிஸ்ட் கோயில் பாடகர் குழுவில் இருந்தோம். அங்கே அவரைக் கொஞ்சம் குரலைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்கத் தெரியாத குரல் அது.

வருத்தம் காலில்தான் தொடங்கியது. சப்பாத்து கொள்ளவில்லை என்று சில நாள் செருப்போடு கச்சேரிக் கந்தோருக்குப் போனார். மழைக்காலத்து வீக்கம் என்று நினைத்தோம். பிறகு முகமும் வீங்கியது. பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறையப் போய்விட்டிருந்தன. அதற்குப் பிறகு அவருடைய கிழமைகள் எல்லாம் டயலிசிஸ் நாள், டயலிசிஸ் இல்லாத நாள் என்று பிரிந்து போயின.

நான் ஒரு சிறுநீரகம் கொடுக்கிறேன் என்றேன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோது எனக்குப் பிறப்பிலேயே ஒரு பக்கச் சிறுநீரகம் சிறுத்திருப்பது தெரிந்தது. அண்ணனின் மனைவி, என் மச்சாள், தான் கொடுப்பதாகச் சொன்னாள். அவளுக்குச் சீனி வருத்தம். அவளையும் வேண்டாமென்றார்கள். எனக்கிருக்கும் ஒன்றைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார் டொக்டர். அண்ணன் இருக்கும் இடத்தில் நான் தண்ணீர் குடிப்பதை விட்டேன். அவர் கவனித்துவிட்டார்.

"எனக்கு முன்னால குடி. நீ குடிக்கிறதப் பாத்தா எனக்கு ஒண்டும் குறையாது" என்றார்.

ஆனாலும் குடிக்க முடியவில்லை.

அல்பம் செய்வோம் என்று சொன்னது அவர்தான். டயலிசிஸ் முடிந்து வீட்டில் சுருண்டு கிடந்த ஒரு மத்தியானம், கிட்டார்காரர் பார்க்க வந்திருந்தார். அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"மச்சான், என்ட பாட்டெல்லாம் தலைக்குள்ளதான் கிடக்கு. இப்ப செய்யல்ல எண்டா மறுகா இல்ல."

கிட்டார்காரர் கட்டில் ஓரத்தில் வந்து இருந்தார். "எங்கட மேல்மாடி சும்மாதான் கிடக்கு" என்றார்.

மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை. குசினி அடுப்படியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களாவது சொல்லுங்க மச்சாள். மெசின்ல இருந்து எழும்பி வந்தா கட்டில்ல விழுற மனுசன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பையத் தூக்கிக் குடுக்க ஏலாது. இவர எங்க கொண்டுபோய்ப் பாட வைக்கப் போறீங்க?"

அவள் கேட்டதில் பிழை இல்லை. அவர் கேட்டதும் எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

காத்தான்குடி வீட்டின் மேல்மாடி கட்டி முடியாதது. வெளிநாட்டில் வேலை செய்யும் மூத்த மகன் காசு அனுப்ப அனுப்ப உயர்ந்த வீடு. மேல்மாடி கிட்டார்காரரின் தங்கைக்கென்று கட்டியது. அவளுக்குக் கல்யாணம் பேசும்வரை அது எங்களுக்கு. பூசாத கல் சுவர்களில் கிட்டார்காரர் கடையில் விலைப்படாத துணி உருளைகளைச் சாத்தி வைத்தார். எதிரொலி அடங்கியது. கல்யாணப் பட்டும் பள்ளிச் சீருடை வெள்ளையும் சுற்றி நிற்க, நடுவில் ஒரு மைக். ஒலிப்பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். துணிகளின் மாவு மணமும் வெக்கையும் சேர்ந்து மூச்சு முட்டும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரங்களில் ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு, எல்லாரும் பேசாமல் இருப்போம். போர்க்காலத்தில் எங்கள் தமிழ் ஊருக்கும் அவர்களின் முஸ்லிம் ஊருக்கும் இடையில் நடந்த கொலைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

கிட்டார்காரரின் தாயாரை நாங்களும் உம்மா என்றே கூப்பிட்டோம். மகன் பாட்டோடு திரிவது அவருக்கு அவ்வளவு உவப்பில்லை. ஆனால் அண்ணனைப் பார்த்த அன்றே என்னைக் கூப்பிட்டு அவர் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். சிறுநீரகத்துக்கு ஆகாத பொட்டாசியம் இறங்கட்டும் என்று உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி அவித்துக் கறி வைப்பார். எங்களுக்கு வேறு கறி, அண்ணனுக்கு உப்பில்லாத கறி.

"உப்பில்லாமச் சாப்பிடுறது லேசா மகன்? வாய் ஒத்துக்காதுதான். சாப்பிடுங்க" என்பார். அண்ணன் எல்லாவற்றையும் சாப்பிட்டு நல்ல ருசி என்பார். பொய் என்று உம்மாவுக்கும் தெரியும்.

ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் முதலில் பதிவாகின. அண்ணனின் குரல்தான் மிச்சம். டயலிசிஸுக்கு மறுநாள் அவருக்குக் கொஞ்சம் தெம்பிருக்கும். அந்த நாட்களில் மட்டும் பதிவு. முன்பு ஒரு பாட்டை ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டு "இன்னொருக்காப் பாடவா?" என்று கேட்பவர், இப்போது ஒரு வரியை இரண்டாக உடைத்துப் பாடினார். நாற்காலியில் இருந்துதான் பாடினார். ஊசி ஏற்றும் கையை மடியில் வைத்துக்கொள்வார். தொண்டை காய்ந்து சொற்கள் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன ஐஸ் கட்டியை வாயில் போட்டு, கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு கையைக் காட்டுவார். கிட்டார்காரர் பதிவைத் தொடங்குவார். பல நாள் ஒரு சரணத்தோடு வீட்டுக்குப் போனோம்.

ஒரு பாட்டு மட்டும் வரவே இல்லை. வாவியைக் கடக்கும் மோட்டார்ப் பாதையை, ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையை, தவறவிட்டு, இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைக் கூப்பிடுகிற ஒருவனைப் பற்றிய பாட்டு. அதன் முடிவில் ஒரே சொல்லை நீளமாக இழுத்துக் கத்த வேண்டும். அந்த இடம் வந்ததும் அண்ணனுக்கு இருமல் வரும். "இதை விட்டிருவம்" என்று ட்ரம்ஸ்காரன் சொன்னான். அண்ணன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினோம். தனக்குப் பசியில்லை, கொஞ்சம் சரிந்து கிடக்கிறேன் என்று அண்ணன் மேலேயே இருந்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியைத் தள்ளி வைத்திருந்தார்.

"இப்ப எடு" என்றார்.

பாடினார். உடைக்காமல், முதலிலிருந்து கடைசிவரை. கோயிலில் குறைக்கச் சொன்ன அண்ணனின் அந்தப் பழைய குரல் எனக்குக் கேட்டது. கடைசிச் சொல்லை அவர் இழுத்தபோது ட்ரம்ஸ்காரன் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்து கிட்டார்காரர் பதிவை நிறுத்தியதும் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம். அண்ணனைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவருடைய சேர்ட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் நினைத்தேன்.

மூலையில் நாங்கள் குடிக்க வைத்திருந்த பெரிய தண்ணீர்ப் போத்தலை எடுத்த ட்ரம்ஸ்காரன் அதைத் தூக்கிப் பார்த்தான். காலையில் நிறைத்து வைத்தது. அடியில் கொஞ்சம் ஆடியது.

"ஆர் இவ்வளவும் குடிச்ச?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தொண்டை நிறையக் குடிச்சு எவ்வளவு நாள்" என்றார். "நல்லாத்தான் இரிந்திச்சு."

கிட்டார்காரர் ஓட்டோ பிடிக்க ஓடினார். ஆசுபத்திரி தூரமில்லை. ஆனால் அன்று பின்னேரம் ஆகும்போது அண்ணனால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூழ்குவதுபோல் எழுந்து உட்கார்ந்தார். குடித்த தண்ணீர் நுரையீரலில் தேங்கி, நெஞ்சுக்குள் கறகற என்று சத்தம் கேட்டது. உதடு நீலமானது. முகத்தில் ஒட்சிசன் மூடியை வைத்து அவசரமாக மெசினுக்குக் கொண்டு போனார்கள். வாசலில் இருந்த எங்களுக்குக் கதவு மூடும் சத்தம்தான் மிச்சம்.

மச்சாள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். அவள் அழவில்லை. கிட்டார்காரரிடம் போய் நின்றாள்.

"அந்தப் பாட்டு இரிக்கா?"

"இரிக்கு தங்கச்சி."

"அழிச்சுப் போடுங்க."

கிட்டார்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் அன்று பிழைத்தார். மூன்றாம் நாள் ஆசுபத்திரி வாட்டில் அவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் இருந்தபோது மச்சாள் நேரே கேட்டாள்.

"செத்துப் போவன் எண்டு தெரிஞ்சுதானே குடிச்ச நீங்க?"

"சாகிறதுக்குக் குடிக்கல்ல. பாடுறதுக்குக் குடிச்சன்."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். பிள்ளைக்கும் ஒண்டுதான்."

அண்ணன் அவள் கையைத் தேடிப் பிடித்தார். அவள் கையை இழுக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் காத்தான்குடிக்குப் பாடப் போகவில்லை. இரண்டு பாட்டுகள் குறையாகக் கிடந்தன. கிட்டார்காரர் கணினியைக் கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவானவற்றைப் போட்டுக் காட்டினார். குரலில் வந்த இளைப்பையெல்லாம் வெட்டி எடுத்துச் சுத்தப்படுத்தியிருந்தார். கேட்டுவிட்டு அண்ணன், "இது நான் பாடின மாதிரி இல்லயே மச்சான்" என்றார். கிட்டார்காரர் எல்லாவற்றையும் மறுபடி பழையபடி ஆக்கினார். தண்ணீர் குடித்துப் பாடிய பாட்டை அந்த வீட்டில் யாரும் போடவில்லை. மச்சாள் குசினியில் இருந்தாலும் அவளுக்குக் கேட்கும்.

மாரி தொடங்கி, வாவி நிறைந்து, பெரியகல்லாற்றில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட வளவுக்குள் தண்ணீர் நின்ற ஒரு காலை, கணிதப் பாடத்தின் நடுவில் எனக்கு அழைப்பு வந்தது. அண்ணன் வழமையான டயலிசிஸுக்குப் போயிருந்தார். மெசினில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இந்த முறை ஏறவில்லை. பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய்ச் சேரும்வரை பக்கத்தில் இருந்த ஒரு மனுசி, தன் மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய மீனின் விலையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

அடக்கத்தன்று கோயிலில் பாடகர் குழு பாடியது. கிட்டார்காரரும் உம்மாவும் வந்து பின் வரிசை வாங்கில் இருந்தார்கள். உம்மா ஆராதனை முடியும்வரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அல்பத்தை என்ன செய்வது என்று நாங்களாக மச்சாளிடம் கேட்கவில்லை. சில மாதம் கழித்து அவளே என்னைக் காத்தான்குடிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அதுவரை அவள் அந்த மேல்மாடிக்கு வந்ததில்லை. துணி உருளைகளைத் தொட்டுப் பார்த்தாள். அவர் எங்கே நிற்பார் என்று கேட்டாள். கிட்டார்காரர் காட்டினார். பிறகு ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அதைப் போடுங்க" என்றாள்.

அழிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. எங்களுக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் கோடுகள் ஏறி இறங்குவதையும் அவள் முகத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"காணும், போதும்" என்றாள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் இருந்து என் காதருகே பேசினாள்.

"அதையும் சேத்துப் போடுங்க மச்சாள். அவருக்கு விருப்பம். நல்லாத்தான் பாடியிரிக்கார்." கொஞ்சத் தூரம் போன பிறகு, "அதுதான் எனக்குக் கோவம்" என்றாள்.

குறைப் பாட்டுகள் இரண்டையும் விட்டுவிட்டு மற்றவற்றை இணையத்தில் ஏற்றினோம். ஊரில் சிலர் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து சிலர் நல்ல வார்த்தை எழுதினார்கள். அவ்வளவுதான். ட்ரம்ஸ்காரன் கட்டாருக்குப் போய்விட்டான். கிட்டார்காரரும் நானும் கடைத்தெருவில் கண்டால் நின்று பேசுவோம். பிள்ளைகள், உம்மாவின் முழங்கால் வலி, விலைவாசி. ஒன்றாக வாசிப்பதைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

மச்சாள் மறுபடி எந்தப் பாட்டையும் கேட்கவில்லை. அண்ணனின் மகள் கேட்கிறாள். போன வாரம் கணக்குச் செய்ய என் வீட்டுக்கு வந்திருந்தாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, அப்பா ஏன் அந்த ஒரு பாட்டில் மட்டும் அவ்வளவு சத்தமாகப் பாடுகிறார் என்று கேட்டாள். அம்மா சொல்வாள் என்றேன். அம்மாவிடம் கேட்டதாகவும், மாமியிடம் கேள் என்று அம்மா சொன்னதாகவும் சொன்னாள்.

கணக்கை முடி, பிறகு சொல்கிறேன் என்றேன். முடித்துவிட்டுப் பேனையை மூடி வைத்துக் காத்திருந்தாள். கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.