கசப்பு மேடத்தின் எலிகள்

ஆய்வகத்தில் அவளுக்குக் ‘கசப்பு மேடம்’ என்று பெயர். வருடக்கணக்காக ஒரே ஒரு கசப்பு இலையைக் கட்டிக்கொண்டு மாரடித்தால் வேறென்ன பெயர் கிடைக்கும்? ஓயாத பதற்றம் கல்லீரலைக் கெடுக்கும், இந்த இலையின் சத்து அதைக் காப்பாற்றக்கூடும் என்பது அவள் கட்சி. எலிகள்தான் அந்தக் கட்சியில் சேர மறுத்தன. தினமும் குறுகிய கூண்டில் அடைத்துப் பதறவைத்த எலிகளில், இலைச்சாறு குடித்தவற்றின் ஈரலும் குடிக்காதவற்றின் ஈரலும் ஒரே மாதிரி கெட்டுக் கிடந்தன.

“இன்னும் ஒரு தடவைதான். அதுவும் சரிவரலன்னா இந்த இலைய மறந்துடுங்க,” என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மாமனாருக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் நேரம். வாயில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுகிற கில்லாடி அவர். விழுங்கும்வரை அவள் போலீஸ்காரி மாதிரி எதிரிலேயே நிற்பாள்.

“மாத்திரை நல்லதுதாம்மா. நீ அதத் தூக்கிட்டு வர்றதப் பாத்தாதான் எனக்குப் படபடன்னு வருது,” என்றார் அவர்.

அவளுக்குப் பொட்டில் அறைந்தது போலிருந்தது. எலிகளின் வாயில் குழாய் விட்டுத்தானே அவள் சாற்றை ஊற்றினாள்? வெறும் தண்ணீர் ஊற்றியவை பேசாமல் இருந்தன. கசப்பு கண்டவையோ மறுநாள் அவள் கையைப் பார்த்ததுமே மூலையில் பதுங்கின. பயத்துக்கான மருந்தைப் பயமுறுத்தியே புகட்டியிருக்கிறாள்! தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இந்தத் தடவை குழாயைத் தூக்கிப் போட்டாள். இலைப்பொடியை வேர்க்கடலை விழுதில் தேனோடு குழைத்துச் சின்னக் கரண்டியில் நீட்டினாள். மற்ற எலிகளுக்குப் பொடி இல்லாத விழுது. பொடி கலந்ததை எலிகள் முதலில் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவள் விடுவாளா? இரண்டு விழுதிலும் தேனைக் கூட்டினாள். பிறகு அவள் காலடி கேட்டாலே முண்டியடித்து ஓடிவந்தன.

கடைசியில், எது எந்த எலியுடையது என்று சொல்லாமல் ஈரல் சீவல்களைப் பேராசிரியர் முன் வைத்தாள். அவர் நுண்ணோக்கியில் குனிந்தார்.

“இது அடைக்காம சும்மா விட்ட எலிதானே? ஈரல் பளிச்சுன்னு இருக்கே!”

“இல்ல சார். அடைச்ச எலிதான். இலை தின்னது.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். அடுத்தது, அதற்கடுத்தது. இலை தின்றவை எல்லாமே அப்படித்தான்; தின்னாதவை பழையபடி கெட்டுக் கிடந்தன. எழுந்து கை கொடுத்தார்.

“ஜெயிச்சுட்டீங்க, கசப்பு மேடம்!”

அந்தப் பெயர் அன்றைக்குத்தான் அவளுக்கு இனித்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவள், மாமனார் பக்கத்தில் மாத்திரையை வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்து எலிக் கதையை ஆரம்பித்தாள்.

“அப்புறம்?” என்று கேட்டபடியே அவர் மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டார்.