புயலுக்குப் பின் மாம்பலம் கால்வாயோரம் ஓர் ஆட்டோ யாத்திரை

காசிக்குப் போகிறவர்கள் போகட்டும். நான் போனது மாம்பலம் கால்வாய்க்கு.

புயல் கடந்த மூன்றாம் நாள். தி. நகரில் என் தங்கை வசந்தாவின் வீட்டுக்குள் இன்னும் கணுக்கால் தண்ணீர். சாலையை ஆண்டுதோறும் உயர்த்தி உயர்த்தி அந்த வீட்டைப் பாதாள லோகத்துக்கே அனுப்பிவிட்டார்கள். ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கிவிடலாம் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். தூக்குவதா வேண்டாமா? கால்வாயைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று படையெடுத்தேன்.

காலை ஏழு மணி. நந்தனம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர், நின்று நின்று போக இருநூறு ரூபாய்.

“இன்னா சார், தி. நகர் வந்துட்டு பொடவ எடுக்காம சாக்கடைய பாக்குறே?” என்றார் ஆட்டோக்காரர்.

“பொடவையெல்லாம் அதுலதானய்யா மிதக்குது!”

இருபுறமும் புதுக் கான்கிரீட் சுவர். எந்த மன்னன் கோட்டைக்கும் இத்தனை உயரம் இருந்திருக்காது. தண்ணீருக்கு விட்ட இடமோ என் வேட்டி அகலம். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்திருந்தார்கள்; பாதி மழையில் கரைந்து மறுபடி உள்ளே போய்விட்டது.

கால்வாய் அடையாற்றில் சேரும் இடத்தில் ஆறு ததும்பி நின்றது. கால்வாய்த் தண்ணீர் உள்ளே நுழைய முடியாமல் பின்வாங்கியது.

“அந்த செருப்ப பாரு சார், ரிட்டர்ன் போய்க்கினு கீது!”

ஆறு வற்றிக் கிடக்கும் நாளாகப் பார்த்துத்தான் வெள்ளம் வரவேண்டும் என்று திட்டம் போட்ட மகாமேதை யார்? அவருக்கு மெரினாவில் சிலை வைக்கவேண்டும், இடுப்பளவு தண்ணீரில்.

திரும்பி வந்து, “தூக்கிடு வசந்தா, கால்வாயை நம்பாதே” என்றேன்.

அவள் எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே தையற்கடைக்காரர் கஃபூர் பாய் வாளியால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். “வீட்டைத் தூக்கி மனையையும் மண்ணு கொட்டி ஒசத்திட்டா, இந்தத் தண்ணி பாய் வீட்டுக்குத்தானே அண்ணா போகும்?”

பாய்க்குக் கேட்டுவிட்டது. “தூக்குங்கம்மா! பக்கத்து ஃபிளாட்டுக்காரன் தூக்கினப்ப என்னைக் கேட்டானா? மழை வந்தா என் மெஷினுங்க உங்க ஹாலுக்கு வந்துரும், அவ்ளோதான்.”

“நாலு மெஷினும் கொள்ளுமா?” என்றாள் வசந்தா.

“சோபாவை வித்துடுங்க.”

வசந்தா ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தாள். வீட்டைத் தூக்கச் சொன்னாள். ஹாலைப் பெரிதாக்க முடியுமா என்றும் கேட்டாள். கால்வாய் செய்யவேண்டிய வேலையை இனி அந்த ஹால் செய்யவேண்டும். வெட்கக்கேடு!

போகிறவர்களுக்கு: கோடையில் போகாதீர்கள், அப்போது கால்வாய் நல்ல பிள்ளையாக நடிக்கும். பழைய செருப்புப் போதும். அந்தப் பக்கம் வீடு வாங்க நினைப்பவர்கள் ஆறு ததும்பும் நாளில் போய்ப் பாருங்கள். தரகர் கூட வரமாட்டார். அதிலேயே பதில் கிடைத்துவிடும்.