ரெண்டு ஆளுக்குக் காற்று

எங்கள் அப்பாவுக்கு ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதோ இல்லையோ, டயரில் காற்று இருந்தாக வேண்டும். போத்தனூரில் எங்கள் தெருமுனையில், டீக்கடையை ஒட்டி ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் குழாயைக் கையில் எடுத்ததும் கேட்பார்: "ஒரு ஆளுக்குங்களா, ரெண்டு ஆளுக்குங்களா?" ஒருவரே போவதானால் பின்சக்கரத்துக்கு இருபத்தைந்து பவுண்டு காற்று, பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் முப்பத்தாறு. அப்பா யோசிக்கவே மாட்டார். "ரெண்டு ஆளுக்குப் புடிங்க" என்பார், என்னவோ மில் முதலாளி மாதிரி. ரெண்டாவது ஆள் அம்மா. நான் ஆள் கணக்கிலேயே வரமாட்டேன். முன்னால் நிற்க வைத்த சாமான். பின்சீட்டில் ஒருநாளாவது ஜம்மென்று உட்கார்ந்து போகவேண்டும் என்பதுதான் அப்போது என் வாழ்க்கை லட்சியம்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மாவுக்குப் பீளமேட்டில் ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் தினமும் லேட். இப்படியே வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அப்பாவின் ஒர்க்‌ஷாப் நடக்கிற தூரம்தான். "வண்டிய நீ எடுத்துக்க அம்மணி" என்று அவரே ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் கிடைத்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போச்சு.

எதிர்வீட்டு மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க, இனி நீங்க பின்னால உக்கோந்து போவீங்களாட்ட இருக்குது!" என்று டீக்கடையில் வைத்துச் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

டெஸ்ட் அன்று காலையிலேயே அப்பா காற்றுப் பிடித்து, வண்டிக்குப் பொட்டு வைத்தார். ஏறி ஓட்டினால் காற்று இறங்கிவிடுமாம். மைதானம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார் மனிதர்! பிரேக் இன்ஸ்பெக்டர் "எட்டுப் போடுங்கம்மா" என்றார். சரளை மண்ணில் சுண்ணாம்பால் வரைந்த எட்டு. முதல் வளைவிலேயே பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறித் துள்ளியது. அம்மா காலை ஊன்றிவிட்டார். கால் தரையில் பட்டால் கதை முடிந்தது.

"அடுத்த வாரம் வாங்கம்மா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பின்டயரை அமுக்கிப் பார்த்தார். விரல் இறங்கவே இல்லை; கல்லில் ஏறினால் துள்ளாமல் என்ன செய்யும்?

"ஏனுங்க, எத்தன காத்து புடிச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். ரெண்டு ஆளுக்கு."

"எட்டுப் போடறப்ப பின்னால ஆருங்க உக்கோந்திருந்தாங்க? உங்கொம்மாளா?"

நான் சிரித்துத் தொலைத்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அப்பா தலையைச் சொறிந்தபடி, "நல்லதுக்குன்னுதான் அம்மணி கல்லாட்டம் புடிச்சேன்" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அம்மாவே வண்டியைப் பஞ்சர் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் பழக்கத்தில் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா குறுக்கே, "ஒரு ஆளுக்குங்க. ஓட்டறது நானு" என்றார்.

அன்று அம்மா எட்டுப் போட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோலப்புள்ளியைச் சுற்றிக் கோடு இழுப்பதைப் போல நிதானமாகச் சுற்றி வந்தார். கால் தரையைத் தேடவே இல்லை. எங்கம்மா! கத்திக் கைதட்டியதற்கு இன்ஸ்பெக்டர் என்னை முறைத்தார். முறைக்கட்டுமே!

ஒரு ஆள் காற்றில் ரெண்டு பேர் ஏறக்கூடாதாம்; திரும்பும்போது தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். டீக்கடை நிறைய ஆட்கள். நடுவில் எதிர்வீட்டு மாமா. கடைக்காரர் குழாயை எடுத்தார். "ஒரு ஆளுக்குங்களா, ரெண்டு ஆளுக்குங்களா?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். சாவி அப்பாவின் கையில்தான் இருந்தது. மாமா பார்க்க அப்பா பின்னால் ஏறுவாரா? அம்மா ஓட்ட, ரெண்டாவது ஆள் நான்தான் என்று எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பின்சீட்டில் கையை வைத்தாயிற்று. அப்பா சாவியை அம்மாவிடம் நீட்டினார்.

"ரெண்டு ஆளுக்குப் புடிங்க" என்றார், டீக்கடைக்கே கேட்கிற மாதிரி. "ஓட்டறது எங்கூட்டு அம்மணி. பின்னால நானு."

அதே முதலாளி தோரணை. மாமா டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். அப்பா என்னை அலாக்காகத் தூக்கி முன்னால் நிறுத்திவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி டீக்கடையைத் தாண்டிப் போயிற்று.

எங்கள் தெருவில் பெண்டாட்டி வண்டி ஓட்ட, ஓர் ஆம்பளை பின்னால் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கோ, பின்சீட்டைப் பிடுங்கிக்கொண்டார் என்று வீடு வரைக்கும் அப்பாவோடு நான் பேசவே இல்லை.