அடித்துவிட்ட பாடம்

யட்டவத்தப் பக்கம் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையொன்றில் என் பேத்தியின் வகுப்புக்கு ஒரு சிஸ்டர். குடைக்கம்பி போல ஒல்லி. திங்கட்கிழமைதோறும் அந்த வாரப் பாடங்களை எழுதி வகுப்புக் கதவில் ஒட்டுவார். மூன்று வாரமாக ‘எங்கள் வீடு’ பாடத்தை மட்டும் கோடு போட்டு அடித்திருந்தார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலே, மிளகு விற்று நாலு வீடு கட்டியவன் நான். ஏன் அடித்தீர்கள் என்று அதட்டித்தான் கேட்டேன்.

“மண்சரிவுல வீடு போன புள்ள ஒண்ணு இருக்குங்க ஐயா. வீட்ட வரையச் சொன்னா அது எத வரையும்?”

“இவ்வளவுதானா! வீட்ட நான் கட்டிக் குடுக்கிறேன். நீங்க பாடத்த நடத்துங்க.”

“நீங்க கட்டிருவீங்க. அந்தக் குடும்பத்துல அது மட்டுந்தாங்க மிஞ்சினது. வீட்டுக்குள்ள யார வரையச் சொல்றது?”

கேலியில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பியே கேட்டவர் போல, பதிலுக்குக் காத்து நின்றார்.